கதவுள்ள இடம்

மல்லாட்டை பிடுங்க இறங்கிய பன்னிரண்டு பேரில் பாஞ்சாலையின் வரிசைதான் பின்தங்கிக் கிடந்தது. கார்த்திகை பிறந்து நாலு நாள். முந்தின நாள் மழையில் மண் பதமாக இருந்தது. கொத்தாகப் பிடித்து இழுத்தால் செடி காயோடு வந்தது. இந்த ஈரம் போவதற்குள் அப்பாசாமியின் ஒன்றரை ஏக்கரையும் பிடுங்கிப் போட்டாக வேண்டும். மண் இறுகிவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், கடலைக்காய் உள்ளே நின்றுவிடும். அதனால் யாரும் நிமிரவில்லை. பாஞ்சாலை நிமிர்ந்தாள். கையிலிருந்த செடியை மண்கூட உதறாமல் போட்டுவிட்டு, வரப்பைத் தாண்டி வேலிகாத்தான் புதர்ப் பக்கம் நடந்தாள். விடிந்து கழனியில் கால் வைத்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை.

“இன்னாடி பாஞ்சால, முள்ளுச்செடிக்குத் தண்ணி பாய்ச்ச அப்பாசாமி உனக்குத் தனிக்கூலி தராரா?” என்று பக்கத்து வரிசைக்காரி கேட்டாள். கழனியே சிரித்தது.

“தந்தா வாங்கிக்கறேன். உனக்கும் பாதி வேணுமா?” என்று பாஞ்சாலை திரும்பாமலே சொன்னாள். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து தானும் ஒன்று சொல்லிவைத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது வரப்பில் அப்பாசாமி நின்றிருந்தார். தலையில் துண்டு, கையில் குடை. நல்ல மனுஷர்தான். சத்தம் போட மாட்டார்.

“இந்தாம்மா பாஞ்சால, நான் தப்பா சொல்றேன்னு நெனைக்காத. ஒரு ஆளு வரிசைய உட்டுட்டு போயிகினே இருந்தா மத்தவங்களுக்கும் கை நின்னு போவுது. ஒடம்பு முடியலன்னா ஊட்ல இரு. சரியானதும் வா.”

“சரியாவாதுங்க.”

“இன்னாது?”

“முழுசா சரியாவாதுனு பெரிய டாக்டரே சொல்லிட்டாங்க. வெச்சிகினு பொழைக்கணுமாம்.”

அப்பாசாமி குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்ப வராத” என்றார்.

தூக்குப்போசியில் கொண்டுபோன களியைத் திறக்காமலே பாஞ்சாலை வீட்டுக்குத் திரும்பினாள். மலையைச் சுற்றி வருகிற பாதையில், அடி அண்ணாமலையில், ரோட்டிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி இருந்தது அவள் வீடு. நடக்கும்போதே அடிவயிறு மறுபடியும் கனக்கத் தொடங்கிவிட்டது.

அது தொண்ணூற்றைந்தில் வந்தது. முதலில் நீர்க்கடுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீர்க்கடுப்பு வராத பெண் அந்த ஊரில் இல்லை, இருக்கவும் முடியாது. விடிவதற்கு முன்னால் ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை: ஒரு பெண் ஒதுங்குவதற்கு ஊர் கொடுத்திருந்த நேரம் அவ்வளவுதான். நடுவில் வந்தால் அடக்கிக்கொள். வராமலிருக்க வேண்டுமானால் தண்ணீர் குடிக்காதே. ஆம்பளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அவர்களுக்கு ஒரு மரம் போதும், மதில் போதும், ஓரமாக நிறுத்தின லாரியின் சக்கரம் போதும்.

மற்றவர்களுக்கு மூன்று நாளில் போகிற கடுப்பு பாஞ்சாலைக்கு மூன்று மாதமாகியும் போகவில்லை. தொப்புளுக்கு ஒரு சாண் கீழே கைப்பிடி அளவு இடம். அங்கே நீர் சேரச் சேர, மிளகாய் அரைத்த கையை வெந்நீரில் விட்டதுபோல எரிச்சல் ஏறும். போய்விட்டு வந்தால் கால் மணி நேரம் அடங்கும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும். போனாலும் அரை டம்ளர் வராது. பகலில் பதினைந்து தடவை, ராத்திரியில் ஆறு. விலக்காவதற்கு முந்தின வாரம் இன்னும் மோசம். புருஷன் தருமன் பக்கத்தில் வந்து படுத்தால் மறுநாள் முழுக்க நடக்க முடியாது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் ஒருநாள் மாட்டேன் என்றாள். அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

“எவங்கிட்ட போயி வாங்கியாந்த இந்த நோவ?”

வைத்தியம் பார்த்தது தருமனின் அக்கா ராஜம்மாள். புருஷன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அவள் கணக்கில் இது சூடு. கழனியில் காய்கிற உடம்பு, சூடு ஏறி நீர்ப்பையில் நிற்கிறது, அதை இறக்கினால் தீர்ந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கல் உப்புப் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரில் கலக்கித் தருவாள். பாஞ்சாலை குடிப்பாள். குடித்த அரை மணியில் அடிவயிறு பற்றிக்கொள்ளும்.

“எரியுது அண்ணி.”

“எரியாதா பின்ன? சூடு வெளிய போவசொல்ல எரிஞ்சிகினுதான் போவும். எரிஞ்சா மருந்து வேல செய்யுதுனு அர்த்தம்.”

அதனால் ஒரு பழம் இரண்டு பழமானது. ராஜம்மாள் கெட்டவள் இல்லை. வெயிலில் நடந்துபோய் யார் வீட்டு மரத்திலிருந்தோ கேட்டு வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு வருவாள். பழம் கிடைக்காத நாளில் புளியைக் கரைத்து வெல்லம் போட்டுத் தந்தாள். நாலு வருஷம். ஒருநாள்கூடத் தவறவில்லை.

நடுநடுவே டாக்டர்களும் பார்த்தார்கள். டவுனில் ஒரு கிளினிக்கில் மூத்திரத்தைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கிருமி இல்லை என்று வந்தது. இல்லாத கிருமிக்குப் பத்து நாள் மாத்திரை எழுதினார்கள். இன்னொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள், கல் இல்லை. மூன்றாவது டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டுத் தருமனைப் பார்த்துத்தான் பேசினார்: “ஒன்னும் இல்லப்பா. எல்லாம் மனசுதான். வேற வேலையில புத்திய செலுத்தச் சொல்லு.” நோயாளி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குக் காது இருக்கிறது என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தருமன் சொன்னான்: “பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு. ஊரக் கூட்டிகினு நடிக்கற நீ.” அவள் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனது மகள் கவிநிலா. அப்போது பிளஸ் டூ. அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவின் பையில் ஒரு பழைய புடவையை மடித்து வைத்துக்கொண்டாள், வழியில் நனைந்தால் மாற்ற. மயக்க மருந்து கொடுத்து உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் ஒரு லேடி டாக்டர், மலையாளம் கலந்த தமிழ், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடமே பேசினார்.

“மூத்திரப்பைக்கு உள்ள ஒரு மெல்லிசான தோலு உண்டு. உங்களுக்கு அது கெட்டுப்போயிருக்கு. நெறைய எடத்துல ரத்தம் கசியுது. உரிஞ்ச தோலு மேல உப்புத்தண்ணி பட்டா எப்படி எரியும்? அதான் உள்ள நடக்குது. நெசமான வலி. நீங்க நடிக்கல.”

பாஞ்சாலை அழ ஆரம்பித்தாள். டாக்டர் நிறுத்தவில்லை.

“கிருமி இல்ல. கேன்சர் இல்ல. ஒட்டாது. வீட்டுக்காரர்கிட்ட இருந்து உங்களுக்கு வரல, உங்ககிட்ட இருந்து அவருக்குப் போகாது. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. முழுசா எடுக்க மருந்தும் இல்ல. ஆனா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை. தண்ணிய நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். நிறுத்தினா மூத்திரம் சுண்டிப் போயி இன்னும் எரியும். வந்தா அடக்காதீங்க. வலி கம்மியானப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்த நீட்டிப் பழகலாம், இப்ப வேணாம். டீ, காபி, தக்காளி, காரம், புளி எல்லாம் விட்டுப் பாருங்க. முக்கியமா எலுமிச்சம்பழம் தொடவே கூடாது.”

கவிநிலா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வீட்ல கக்கூஸ் இருக்கா?” என்று டாக்டர் கடைசியாகக் கேட்டார்.

“இல்லீங்க.”

“மாத்திரைக்கு முன்னாடி அதப் பாருங்க.”

எலுமிச்சம்பழச் சேதியை ராஜம்மாளிடம் சொன்ன அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. “நாலு வருசமா நான் வெசத்தயா கரைச்சிக் குடுத்தேன்? எம் புள்ள மாதிரிதானடி பாத்தேன்!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் பாஞ்சாலையின் சோற்றுக்குப் பொறுப்பேற்கவில்லை. புளிக்குழம்பு கொதிக்கும் அடுப்பின் ஓரத்தில் பாஞ்சாலை தனியாக ஒரு குண்டானில் பாசிப்பயறு வேகவைத்து, உப்பும் சீரகமும் மட்டும் போட்டுக் களியில் ஊற்றித் தின்றாள். “ஒருத்திக்கு ஒரு அடுப்பு. மகாராணி” என்று ராஜம்மாள் சுவரிடம் சொல்வாள். ஆனால் இரண்டு மாதத்தில் ராத்திரி ஆறு தடவை மூன்றாகக் குறைந்தது. விடாமல் மூன்று மணி நேரம் தூங்கினாள். நாலு வருஷத்தில் முதல்முறை.

மாத்திரைதான் வேறு வழியில் வினையானது. டவுன் மருந்துக்கடையில் தருமன் சீட்டை நீட்ட, கடைக்காரன் கேட்டிருக்கிறான்: “யாருக்குங்க? மன அழுத்தத்துக்குக் குடுக்கறதாச்சே இது.” வலிக்கும் அதே மாத்திரையைச் சிறிய அளவில் கொடுப்பார்கள் என்று கடைக்காரனுக்குத் தெரியாது, அல்லது சொல்ல நேரமில்லை. தருமனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அன்றிலிருந்து எந்தச் சண்டையிலும் அவன் பேச்சு ஒரே இடத்தில் போய் முடிந்தது: “பயித்தியத்துக்கு மாத்திர தின்றவ பேச்ச நான் கேக்கணுமா?”

கக்கூஸ் இரண்டாயிரத்தில் கட்டினார்கள். அரசாங்க மானியம் கொஞ்சம், மீதிக்குப் பாஞ்சாலையின் கம்மல். வீட்டுக்குப் பின்னால் நாலுக்கு நாலு, மேலே சிமென்ட் ஷீட், நீலப் பெயின்ட் அடித்த தகரக் கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். முதல் நாள் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்தபின்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் வர முடியாது. டார்ச் லைட் விழாது. பன்றி வராது. முப்பத்தெட்டு வயசில் அவளுக்குக் கிடைத்த முதல் தனி இடம் அது.

ஐந்து மாதம் அவளுடையதாக இருந்தது.

அந்தப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் மலை சுற்றினார்கள். மெட்ராஸிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். மோர் விற்றார்கள், சுண்டல் விற்றார்கள், அன்னதானம் போட்டார்கள். வருகிற பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தருமன் யோசித்தான். ஒரு பௌர்ணமியன்று வெளியே அட்டையில் ‘கழிப்பிடம், பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதித் தொங்கவிட்டு, வீட்டோரச் சந்தில் நாற்காலி போட்டுக் காசு வாங்க உட்கார்ந்தான். கூட்டம் பொழுதோடு தொடங்கி விடியும்வரை நின்றது. ஊரே அவன் மூளையை மெச்சியது.

“மாசத்துக்கு ஒரு நாள்தான, பொறுத்துக்கோ. நீ கரும்புக் கொல்ல பக்கம் போயிட்டு வா” என்றான் பாஞ்சாலையிடம். கரும்புக் கொல்லை முழுக்க ஆம்பளைகள் குந்தியிருந்தார்கள். அன்றைக்கெல்லாம் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் உள்ளே கழுவிவிட்டதும் அவள்தான். கழுவிவிட்டுப் படுத்தவள் நாலு நாள் எழுந்திருக்கவில்லை.

அப்பாசாமி வேலையிலிருந்து நிறுத்திய பதினோராம் நாள் தீபம்.

தீபத்தன்று காலையிலேயே கக்கூஸ் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் தருமன் வகை உறவுக்காரர்கள் பதினாலு பேர், செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் வந்தவர்கள். ஒரே அறை, ஒரு நடை. ராஜம்மாள் விரதம். வாசலுக்கு மாக்கோலம் போட்டு, அகல்களைக் கழுவிக் காயவைத்திருந்தாள். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவு மூலைக்குப் போகலாமென்று பாஞ்சாலை பார்த்தபோது ராஜம்மாள் குறுக்கே வந்தாள். “வெளக்கேத்தற ஊட்டுக்குள்ளயா? ஒனக்கு சாமி பயமே இல்லியா?” சுற்றிலும் சம்பந்தி முறைக்காரர்கள். பாஞ்சாலை பக்கெட்டை வைத்துவிட்டாள். மகள் பக்கத்தில் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். கவிநிலா ரோட்டோரத்தில் சித்தப்பா போட்ட மோர்க்கடையில் நின்றிருந்தாள்.

காலையில் மூன்று தடவை, வரிசையில் இருந்தவர்களிடம் கெஞ்சி உள்ளே போனாள். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் தடித்தது. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் காத்திருந்த பெண்கள் யாருக்கும் வழிவிடத் தயாராக இல்லை. அவர்களுக்கும் அடிவயிறு இருந்தது.

மூன்று மணிக்கு அவள் வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, ஒரே நிமிசம். எனக்கு முடியல.”

“எங்களுக்கு மட்டும் முடியுதா? பின்னாடி போம்மா” என்றாள் மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி.

“இது எங்க ஊடுங்க. எங்க கக்கூஸ்.”

“உங்க ஊடா இருந்தா என்ன? வாசல்ல ஒக்காந்து காச வாங்கி வாங்கிப் போட்டுக்கறீங்க இல்ல? செங்கல்பட்டுல ஏறனதுல இருந்து நான் அடக்கிகினு வரேன். ரூல்னா எல்லாருக்கும் ஒன்னுதான்.”

“நல்லா சொன்னீங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “வியாபாரத்துக்கு உட்டப்புறம் என்ன சொந்த ஊடு?”

பாஞ்சாலை தருமனைப் பார்த்தாள். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். இப்போதாவது சொல்வான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கிட்டே வந்து, பல்லைத் திறக்காமல், மெல்லச் சொன்னான்:

“மானத்த வாங்காத. எல்லாரும் பாக்கறாங்க. லைன்ல வா.”

“யோவ், ஏழு பேர் இருக்காங்க.”

“ஏழு பேர்தான? ஆவாதா? சும்மா புடிச்சிகினு நில்லு. எல்லாம் மனசுதான்.”

அவள் வரிசையில் நின்றாள். ஏழு பேர் ஆறானார்கள். தகரக் கதவு திறந்து மூடுகிற சத்தத்தை எண்ணினாள். ஐந்து. முழங்கால் இரண்டையும் ஒட்டிக்கொண்டு, சந்துச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளே போன ஒருத்தி குழந்தையைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. நாலு. அடிவயிற்றின் நெருப்பு இப்போது தொடையில் இறங்கிவிட்டது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்பாக வந்தது. மூன்று.

மூன்று பேர் இருக்கும்போது அது அவளைக் கேட்காமல் வந்துவிட்டது. புடவையோடு, பாவாடையோடு, காலோடு வழிந்து சந்துச் சிமென்டில் ஓடியது. மஞ்சள் புடவைக்காரி “ஐயய்யோ” என்று காலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். யாரோ ஒரு சின்னப் பெண் சிரித்து, அம்மாவிடம் அடி வாங்கியது. ‘நீங்க முதல்ல போங்க’ என்று இப்போது எல்லோரும் வழிவிட்டார்கள். இனி போய் என்ன ஆகப்போகிறது?

தருமன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தான். அவள்மேல் ஊற்ற அல்ல, சிமென்டைக் கழுவ.

மறுநாள் காலை, உறவுக்காரர்கள் பஸ் ஏறியபின், பாஞ்சாலை மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு கக்கூஸைக் கழுவினாள். எதையெதையோ போட்டு அடைத்திருந்தார்கள். குச்சியால் குத்தி எடுத்தாள். பிளீச்சிங் பவுடரைத் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, பதினெட்டுக் குடம் ஊற்றினாள். நேற்று வந்தவர்களின் ஊரும் சாதியும் யாருக்குத் தெரியும்? எல்லோருடையதையும் அவள் கை அள்ளியது. முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போனபோது பக்கத்துவீட்டு ராமதாஸ் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் அவன் வாட்ச்மேன்.

“அண்ணி, உங்களுக்குத் தெரிஞ்ச பொம்பள யாரனா இருந்தா சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல பெருக்கறவ நின்னுட்டா. பெருக்கி, தொடச்சி, பாத்ரூம் கழுவணும். நம்ம ஆளுங்க வர மாட்டாங்க, சும்மா காதுல போட்டு வெக்கறேன்.”

சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

“அங்க பொம்பளைங்களுக்குத் தனியா கக்கூஸ் கீதா?”

“ஒன்னு கீது. மாடிப்படி பக்கத்துல.”

“உள்ள தாப்பா?”

ராமதாஸ் சிரித்தான். “தாப்பா இல்லாம கட்டுவாங்களா அண்ணி?”

“நான் வரேன்.”

அன்று சாயங்காலம் தருமன் ஆடிய ஆட்டத்தைத் தெருவே நின்று பார்த்தது.

“கக்கூஸ் கழுவப் போறாளாம்! எங்கப்பன் பாட்டன் காலத்துல இருந்து எங்க வம்சத்துல எவளாவது அந்த வேலைக்குப் போயிருக்காளா? நாளைக்கி பொண்ணு கேட்டு வரவன் எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவான்?”

“இன்னிக்கி காத்தால நான் கழுவனது இன்னா?” என்றாள் பாஞ்சாலை.

“அது நம்ம ஊட்டு கக்கூஸுடி.”

“நம்ம ஊட்டு கக்கூஸுக்கு ஊரு பொம்பளைங்க எல்லாம் வந்துட்டு போனாங்க. நான் கழுவனேன். அப்ப எங்க போச்சி உன் சாதி? நாத்தம் தாங்காம ஓடிப்போச்சா?”

“தருமா, மாத்திர ஜாஸ்தியாப் போட்டுகினு பேசறாடா” என்றாள் ராஜம்மாள்.

“ஆமா அண்ணி. பயித்தியம்தான். உங்க எலுமிச்சங்காய நாலு வருசம் குடிச்சனே, நான் பயித்தியம்தான்.” சொன்னதும் ராஜம்மாளின் முகம் சுண்டிப்போனது. பாஞ்சாலைக்கும் உடனே சங்கடமாக இருந்தது. ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

கவிநிலா நடையில் நின்றபடி சொன்னாள்: “அப்பா, போவட்டும் உடு. கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்.”

“நீ இன்னா சொல்லுவ?”

“எங்கம்மா கழுவப் போறாங்க, எங்கப்பா கக்கூஸ் வாசல்ல ஒக்காந்திருக்காருனு சொல்லுவேன்.”

தருமன் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்காலுக்கு இரண்டு பஸ். குலுங்கும்போதெல்லாம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு முதல் நாள் போய் இறங்கினாள். ராமதாஸ் சாவிக் கொத்தைக் கொடுத்தான். மாடிப்படி பக்கத்தில் வெள்ளை டைல்ஸ் போட்ட அறை. குழாய், வாளி, உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள். கதவில் ஒரு பலகை. பாஞ்சாலை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘பெண் அலுவலர்கள் மட்டும்.’

“அப்ப பெருக்கறவங்க எங்க போறது?”

ராமதாஸ் ஜன்னல் வழியாகக் காம்பவுண்டின் பின்பக்கத்தைக் காட்டினான். அங்கே சீமைக் கருவேல முள்ளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. “பழைய ஆளு அங்கதான் போவும்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாஞ்சாலை பலகையை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு வந்த மூன்று மாதமும் வேங்கிக்காலில் அவ்வளவு சுத்தமான கக்கூஸ் வேறெங்கும் இருந்திருக்காது. அரை மணிக்கு ஒருமுறை, முக்கால் மணிக்கு ஒருமுறை அவள் கழுவினாள். டைல்ஸில் முகம் தெரிந்தது. மேலிடத்திலிருந்து வந்த அம்மா ஒருத்தர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, “யார் இங்க ஸ்வீப்பர்? வெரி குட்” என்றார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கக் குடித்தாள். வலி போகவில்லை. விலக்குக்கு முந்தின வாரம் படியில் உட்கார்ந்து வெந்நீர்ப் பாட்டிலைப் புடவைக்குள் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். ஆனால் பகலில் பதினைந்து பதினொன்றானது. வீட்டில் தருமன் அவளோடு பேசுவதில்லை. அவள் தொட்ட குடத்தில் ராஜம்மாள் தண்ணீர் மொள்வதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அட்டை மட்டும் தவறாமல் தொங்கியது. அடுத்த நாள் கழுவுவதற்கு ஆள் கிடைக்காமல் தருமனே கழுவினான்.

மாசி மாசம் ஒரு மத்தியானம் சூப்பரின்டென்டென்ட் த்ரிசலா கூப்பிட்டாள். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்பே சாப்பிட்டுவிடுகிறவள், கண்டிப்பானவள், கத்த மாட்டாள்.

“பாஞ்சாலை, மறைக்காம சொல்லு. காலையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இப்ப ஏழாவது வாட்டி வாளியத் தூக்கற. இங்க இருக்கறதே நாலு லேடீஸ். அதுக்குள்ள அப்படி என்ன அழுக்காவுது?”

பாஞ்சாலை வாளியைக் கீழே வைத்தாள்.

“ஒன்னும் ஆவலீங்க மேடம். நான்தான் போறேன். எனக்கு மூத்திரப்பையில உள்தோலு கெட்டுப்போச்சி. ஒட்டாது. பயித்தியமும் இல்ல. மாத்திர போட்டுக்கறேன், முழுசாப் போவாது. முக்கா மணிக்கு ஒருவாட்டி போவணும், போவலன்னா நிக்க முடியாது. கழனியில உடல. ஊட்ல கக்கூஸ் கீது, எனக்கு இல்ல. அதுக்குத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.”

யாரிடமும் இவ்வளவையும் ஒரே மூச்சில் அவள் சொன்னதில்லை.

த்ரிசலா மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை இடம் மாற்றி வைத்தாள். திறந்த கதவு வழியாக மாடிப்படியோரப் பலகையைப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பேசினாள்.

“கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது ஆபீசர்ஸ் பாத்ரூம். எழுதிப் போட்டிருக்கு. நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டா நான் என்ன பதில் சொல்வேன்? அதுல நீ போகக் கூடாதும்மா.”

“கழுவறதுக்குப் போலாமுங்களா?”

த்ரிசலா நிமிர்ந்து பார்த்தாள்.

“கழுவறதுக்குப் போலாம்.”

“ஒரு நாளைக்கி இத்தினி வாட்டிதான் கழுவணும்னு எழுதிப் போட்டு கீதுங்களா?”

“இல்ல.”

“அப்ப நான் போயி கழுவறேங்க.”

பாஞ்சாலை வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே எல்லோருக்கும் கேட்கும்படி குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.